அட்டவணையில் இல்லாத மின்னி: சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.
நகல்: தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் எனக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. கையெழுத்துப் போட்டவர் தன் மேசையில் இருந்த சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கடையில் விற்கப்படும் ஒரு விலங்கைப் பற்றி எட்டு மாதத்துக்கு முன் நான் கொடுத்த மனுவுக்கு இரண்டே வரியில் பதில். மனுவில் சொல்லப்பட்ட விலங்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் எந்த அட்டவணையிலும் (எந்தெந்த உயிருக்குச் சட்டம் பொருந்தும் என்ற பட்டியல்) இல்லை, ஆகவே மேல் நடவடிக்கைக்கு வழியில்லை என்று.

அந்த விலங்கின் பெயர் சுகர் கிளைடர், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி விலங்கு. எங்கள் வீட்டில் அதற்கு மின்னி என்று பெயர். பதினாறு மாதம் எங்களோடு இருந்தது. கடைசி மூன்று வாரம் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடந்து செத்துப்போனது. அட்டவணை எழுதுகிற பேனா உங்களிடம் இருக்கிறது. அதனால் இந்த மடல் உங்களுக்கு.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை வாங்கியது நான்தான். 2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். திரைச்சீலையின் உச்சியிலிருந்து ஒரு குட்டி விலங்கு நான்கு காலையும் விரித்துப் பாய்ந்து ஒருவர் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. பெரிய கறுப்புக் கண், முதுகில் ஒரு கறுப்புக் கோடு. பத்து நாள் விடாமல் கேட்டாள். மூன்றாவது மாடி வீடு, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், நாய் வளர்க்க முடியாது என்று அதுவரை சொல்லிவந்தவள் நான். “இது சின்னதும்மா, அணில் மாதிரிதான்” என்றாள்.

அந்த ‘அணில் மாதிரி’யில்தான் நான் விழுந்தேன். நாம் அணிலை அணில்பிள்ளை என்று சொல்லி வளர்ந்தவர்கள். எங்கள் அப்பத்தா, கூட்டிலிருந்து விழுந்த ஒரு அணில் குஞ்சைப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் முந்தானையில் தூங்கிவிட்டு ஒருநாள் அதுவாக வேப்பமரம் ஏறிப் போய்விட்டது. அப்படி ஒன்றை நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைப் பலகையிலும் ‘பறக்கும் அணில்’ என்றுதான் எழுதியிருந்தது.

அது அணிலே இல்லை என்பது வாங்கி நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். கங்காருவின் உறவு அது. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழ்கிற, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கிற விலங்கு. கர்ப்பம் சுமார் 16 நாள்தான். பிறக்கும்போது குட்டி ஓர் அரிசியளவு. அதுவாகவே ஊர்ந்து தாயின் பைக்குள் போய், காம்பைப் பிடித்துக்கொண்டு சுமார் 70 நாள் உள்ளேயே இருக்கும். அதன் பிறகும் மாதக்கணக்கில் கூட்டத்தின் கதகதப்பில் கிடந்துதான் வளரும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே இருக்கும் தோலை விரித்து ஒரே பாய்ச்சலில் 50 மீட்டர் வரை காற்றில் சறுக்கிப் போகும். அப்படிப்பட்டதைத்தான் இரண்டடி உயரக் கூண்டோடு சேர்த்து 8,000 ரூபாய்க்கு வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் மரியாதையானவர். அவர் சொன்ன மூன்று விஷயங்களை இங்கே எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அந்த மூன்றிலிருந்துதான் வந்தது.

“ஒண்ணு போதுங்க. ரெண்டு வாங்கினீங்கன்னா அதுக ரெண்டும் ஒட்டிக்கும், உங்ககிட்ட வராதுங்க.”

“ஆப்பிள், வாழைப்பழம், குழந்தைக்குக் கொடுக்கற டப்பாக் கஞ்சி. அவ்வளவுதாங்க செலவு.”

பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் ‘எஸ்.ஜி. - 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னது: “இதுக்கு எந்தப் பேப்பரும் வேண்டாங்க. லிஸ்டுலயே இல்லைங்க.”

அந்த மூன்றாவது வாக்கியத்தையும் எனக்கு வந்த பதில் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் எந்தச் சொல்லால் எனக்கு அதை விற்றாரோ, அதே சொல்லால்தான் அரசாங்கம் என் மனுவை மூடியது.

முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். காட்டில் சுகர் கிளைடர் தனியாக வாழ்வதில்லை. ஏழெட்டுப் பெரியவை, அவற்றின் குட்டிகள் என்று ஒரே மரப்பொந்தில் சுருண்டு கிடக்கும். ஆண் தன் நெற்றியிலும் நெஞ்சிலும் இருக்கும் சுரப்பியை மற்றவற்றின்மேல் தேய்த்து வாசனை பூசும். அந்த வாசனைதான் அந்தக் குடும்பத்துக்கு அடையாளம். மின்னியிடம் இருந்தது பழைய வேட்டியில் நான் தைத்துக் கொடுத்த ஒரு பையும், ஒரு கண்ணாடியும். பகல் முழுவதும் பைக்குள் தூக்கம். ராத்திரி பத்தரை மணிக்கு நாங்கள் விளக்கை அணைத்தால் அதற்கு விடியும். பதினொரு மணியிலிருந்து குரைக்கும். குரைக்கும் என்றுதான் சொல்ல வேண்டும், குட்டி நாய் போல விட்டுவிட்டு, ஒரே தாளத்தில். விளையாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். ஒன்றை ஒன்று கூப்பிடுகிற சத்தம் அது என்று பின்னால் படித்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. பையில் கைவிட்டால் இன்னொரு சத்தம் வரும்: மிக்ஸியில் காய்ந்த மிளகாய் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அது பயத்தின் சத்தம். மகள் அதைப் ‘பேசுது’ என்று சொல்லி வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

வெளியே விட்டால்தான் ஓடியாடும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கே விடுவது? கோயம்புத்தூரில் மின்விசிறி இல்லாமல் ஒரு அறையில் கால் மணி நேரம் உட்கார முடியாது. விசிறி ஓடினால் இதை விட முடியாது, அலமாரி உச்சியிலிருந்து எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. கூண்டைத் திறப்பதற்கு முன் விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கழிவறைக் கதவைப் பூட்டி, வாளியில் தண்ணீர் இருந்தால் கவிழ்த்துவிட்டு, வியர்த்து வழிய நாங்கள் மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம். அது நடந்தது முதல் இரண்டு மாதம். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் ஆனது. பரீட்சை வந்தபோது அதுவும் நின்றது. குழந்தையைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவு பதினோரு மணிக்கு விழித்துக்கொள்கிற விலங்கைக் கொடுத்தது யார்? கூண்டில் நன்றாக வைத்திருந்தால் பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும் உயிர் அது. அவள் கல்லூரி முடிக்கிற வரைக்கும்.

இரண்டாவது வாக்கியம்தான் அதைக் கொன்றது. காட்டில் இது யூகலிப்டஸ், வேல மரங்களில் பட்டையைப் பல்லால் கடித்து, வடிகிற பாலையும் பிசினையும் நக்கும், தேன் குடிக்கும், கோடையில் பூச்சியாகப் பிடித்துத் தின்னும். பழக்கடை ஆப்பிளிலும் வாழைப்பழத்திலும் சுண்ணாம்புச் சத்து இல்லாத குறைதான். சேர்த்துப் போட்ட மாவுப் புழுவில் சுண்ணாம்பை விடப் பாஸ்பரஸ்தான் அதிகம். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் உடம்பு அதை எலும்பிலிருந்து கடன் வாங்கும். வாங்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ரோமம் மினுமினுக்கும், கண் பளிச்சென்று இருக்கும், வீடியோவில் அழகாகத்தான் விழும்.

2024 ஜனவரியில் ஒரு நாள் காலை தண்ணீர் மாற்றப் போனேன். மின்னி கூண்டுக் கம்பியில் முன்னங்கால் இரண்டால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பின்பாதி, பிழிந்து போட்ட துணி மாதிரி கீழே கிடந்தது. கையில் எடுத்தேன். வழக்கமாக அதன் பின்னங்கால் என் விரலைச் சுற்றிப் பிடிக்கும். நகமில்லாத ஒரு பெருவிரல் அதற்கு உண்டு, நம் கட்டைவிரல் மாதிரி மடங்கும். அன்றைக்கு அந்த விரல் என் விரல்மேல் பட்டதே தவிர மடங்கவில்லை.

நாங்கள் போன கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு லேப்ரடாரும் ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தன. மருத்துவர் முதலில் எடை போடச் சொன்னார். நாய்க்கான தராசு அது. மின்னியை வைத்ததும் பூஜ்யம் காட்டியது. எடுத்து மறுபடி வைத்தோம், பூஜ்யம்தான். உதவியாளர் பையன் கீழே இருந்த வெள்ளிக் கடைக்கு ஓடிப்போய், கொலுசு நிறுக்கிற சின்னத் தராசை வாங்கிக்கொண்டு வந்தான். 71 கிராம். “நான் இதுவரைக்கும் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லைங்க” என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சென்னையில் இருக்கும் தன் வகுப்புத் தோழரைக் கூப்பிட்டுப் பேசினார். எக்ஸ்ரேயில் எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் எலும்பின் நிழல்தான் இருந்தது. தொடை எலும்பு ஒன்று எப்போதோ உடைந்து, கோணலாக ஒட்டியிருந்தது. எப்போது உடைந்தது? நாங்கள் மூன்று பேரும் அதே வீட்டில்தான் இருந்தோம்.

இன்சுலின் சிரிஞ்சில் கால்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக மூன்று வாரம் கொடுத்தோம். மருத்துவர் காசு வாங்கவில்லை. பிப்ரவரி 11 அன்று விடிகாலையில் இறந்தது.

அந்த மாதம் 28ஆம் தேதி உங்கள் அமைச்சகம் உயிருள்ள விலங்கினங்களை அறிவித்துப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளை வெளியிட்டது. அயல்நாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று செய்தியில் படித்தபோது, நேரம் கடந்தாலும் வந்ததே என்று நினைத்தேன். விதியை முழுதாகப் படித்தேன். 2022 திருத்தத்தில் சேர்ந்த நான்காம் அட்டவணையில் உள்ள உயிரினங்களுக்குத்தான் அது பொருந்தும். அந்த அட்டவணை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலைப் பின்பற்றியது. சைட்டிஸ் கேட்பது ஒரே கேள்வியை: பன்னாட்டு வணிகத்தால் இந்த இனம் அருகிப்போகுமா? சுகர் கிளைடர் அருகிவிடவில்லை. பட்டியலில் இல்லை. நம் சட்டத்திலும் இல்லை. அயல்நாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து அறிவிக்கலாம் என்று 2020இல் நீங்கள் வெளியிட்ட அறிவுரைக்கும் இதே எல்லைதான்.

காட்டில் ஏராளமாக இருக்கிறது என்பதற்காகக் கூண்டில் அதற்கு வலிக்காமல் போகுமா?

சரி, மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1960ஆம் ஆண்டுச் சட்டம். முதல் முறை குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். நான் மின்னிக்கு வாங்கிய புழு டப்பா ஒன்றே நூற்றைம்பது ரூபாய். அதன் கீழ் வந்த 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகள் நல்ல விதிகள்தான். கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும், கணக்கு வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. ஆனால் ‘செல்லப்பிராணி’ என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் நாய், பூனை, முயல், கினி பிக், ஹேம்ஸ்டர், எலி வகை, கூண்டுப் பறவை என்று அடுக்கிவிட்டு, வேறு சட்டம் தடுக்காத மற்ற விலங்குகளும் என்று வாலில் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அந்த வால் வழியாகத்தான் சுகர் கிளைடர் கடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வனச் சட்டம் ‘இது என் பட்டியலில் இல்லை’ என்கிறது. கடை விதி ‘அப்படியானால் விற்கலாம்’ என்கிறது.

இங்கேயே பிறந்த குட்டி என்று கடையில் சொல்வார்கள். இருக்கலாம். அதன் தாயும் தகப்பனும் எப்படி வந்தன என்று கேட்டுப்பாருங்கள், பேச்சு மாறும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் குரங்கும் பாம்பும் ஆமையும் திணித்துக் கொண்டுவரப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதும், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுவதும் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. அமெரிக்காவில் வீடுகளில் வளரும் சுகர் கிளைடர்களின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வந்த ஓர் ஆய்வு, அவற்றின் பூர்வீகம் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவில் சோரோங் நகரத்தை ஒட்டிய பகுதி என்று கண்டுபிடித்தது. அங்கே அப்படித் தேடி அறிய முடிந்தது. என் கையில் இருப்பது ‘எஸ்.ஜி. - 1’ என்ற துண்டுச் சீட்டு.

மற்ற ஊர்களைப் பாருங்கள். கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் இதை வீட்டில் வளர்க்கக் கூடாது. நம்மவர்கள் இத்தனை பேர் வாழும் சிங்கப்பூரிலும் கூடாது. அது பிறந்த ஆஸ்திரேலியாவிலேயே நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் வைத்துக்கொள்ள முடியாது. விக்டோரியாவில் உரிமம் வேண்டும். சொந்த ஊரில் உரிமம் கேட்கிற உயிரை நம் ஊரில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள்.

உங்கள் கடமைக்கு நேராக வருகிற இன்னொரு விஷயம் டாஸ்மேனியா. அந்தத் தீவில் சுகர் கிளைடர் இயற்கையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து மனிதர்கள் கொண்டுபோனது. செல்லமாக வளர்த்தவை தப்பிக் காட்டுக்குள் போயின. இன்று அங்கே மரப்பொந்தில் கூடு கட்டும் ஸ்விஃப்ட் கிளியின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. அடைகாக்கும் தாய்ப் பறவையையும் கூட்டிலேயே கொல்கின்றன. அழியும் விளிம்பில் நிற்கிற கிளி அது. 120 கிராம் விலங்கு, ஒரு தீவின் பறவையை முடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மழை விட்ட நாளில் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். வால்பாறை மூன்று, நான்கு மணி நேரப் பயணம். அங்கேயும் பொந்தில்தான் குக்குறுவானும் கிளியும் சின்ன ஆந்தையும் குஞ்சு பொரிக்கின்றன. சலித்துப்போனவர்கள் இதை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாய்க்குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விடுகிற ஊர் இது. “காட்டுல விட்டா அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும்” என்று என்னிடமே ஒருவர் அக்கறையாகச் சொன்னார். பிழைத்தாலும் கேடு, பிழைக்காவிட்டாலும் கேடு.

அதே மலையில் உண்மையான பறக்கும் அணில்கள் இருக்கின்றன. பூனையளவு பெரிய பறக்கும் அணிலும், நூறு வருடம் போல யார் கண்ணிலும் படாமல் இருந்து 1989இல் மறுபடி தென்பட்ட திருவிதாங்கூர் பறக்கும் அணிலும். இரண்டும் கொறிக்கும் இனம், இரண்டையும் சட்டம் காக்கிறது. கடைக்காரர்கள் சுகர் கிளைடருக்கு ‘பறக்கும் அணில்’ என்று பெயர் வைத்ததில் இவற்றுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. மின்னி இறந்த பிறகு, நான் சேர்ந்திருந்த ஒரு வாட்ஸப் குழுவில் அதைப் பற்றி எழுதினேன். மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: “மேடம், நாட்டுப் பறக்கும் அணில் வேணுமா, இதைவிட ரேட் கம்மி.” எண்ணை வனத்துறைக்குக் கொடுத்தேன். அதற்கு மட்டும் உடனே ஆள் விசாரித்தார்கள். அது அட்டவணையில் இருக்கிறது அல்லவா.

எல்லோரும் என்னைப் போலத்தான் என்று சொல்லமாட்டேன். அந்தக் குழுவில் ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். நான்கு கிளைடர்கள். வீட்டு மாடியில் அவர் அப்பா கட்டிக்கொடுத்த ஒரு முழு அறை, கிளைகள், கயிறுகள், விசிறிக்குக் கம்பிக் கூடு. கால்சியம் கணக்குப் போட்டு வாரத்துக்கு ஒருமுறை உணவு தயாரித்து உறைய வைக்கிறார். அவற்றின் ஒரு பாய்ச்சலைப் பார்த்தேன். ஒரு கணம், மகள் எதற்கு ஆசைப்பட்டாள் என்று புரிந்தது. “எல்லாரும் இப்படி வெச்சுக்கலாமா தம்பி?” என்று கேட்டேன். “அக்கா, நானே அடுத்த வருஷம் வேலைக்குப் போனா இதுகளை என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கேன். கடையில விக்கவே கூடாதுக்கா” என்றார். நன்றாக வளர்க்கிறவர் சொன்னது இது. தடை கேட்டால் வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்தத் தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அதே கடை வழியாகப் போனேன். கண்ணாடிக்கு உள்ளே ஒரு கூண்டில் ஆறு குட்டிகள், மத்தியானம் இரண்டு மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக முகத்தைப் புதைத்துக்கொண்டு. அவை ஆறும் ஆறு வீட்டுக்குத் தனித்தனியாகப் போகும்.

நான் கேட்பது இவை.

உங்களிடம் புதுச் சட்டம் கேட்கவில்லை. 2022 திருத்தம் வன உயிரினச் சட்டத்தில் 62ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறது. நம் நாட்டு வன உயிர்களுக்கு ஆபத்தாகக்கூடிய அயல் ஊடுருவு இனங்களின் இறக்குமதி, வியாபாரம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை ஓர் அறிவிக்கையாலேயே மத்திய அரசு கட்டுப்படுத்தலாம், தடை செய்யலாம். டாஸ்மேனியாவைச் சான்றாக எடுத்துக்கொண்டு, சுகர் கிளைடரையும் அதன் நெருங்கிய உறவான கிளைடர்களையும் அந்தப் பிரிவின் கீழ் அறிவியுங்கள். 2020இல் வந்த ஆய்வு, சுகர் கிளைடர் என்று நாம் சொல்லிவந்தது மூன்று தனி இனங்கள் என்கிறது. அறிவிக்கையில் ஒரே பெயரைப் போட்டால் கடைக்காரர் மற்ற இரண்டில் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். எழுதும்போது அதையும் பார்த்து எழுதுங்கள்.

அறிவிக்கை வருகிற அன்றைக்கே வளர்ப்பவர்கள் வீட்டுக்குள் புகுந்து பறிமுதல் செய்யாதீர்கள். செய்தால் அன்று இரவே பாதிப் பேர் காட்டு ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள். இருப்பவற்றைக் கட்டணமில்லாமல் பதிவு செய்யட்டும், அவற்றின் ஆயுள் வரை வைத்துக்கொள்ளட்டும். இனப்பெருக்கமும் விற்பனையும் மட்டும் கூடாது. வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கேள்வியில்லாமல் ஒப்படைக்க மாநிலத்துக்கு ஓர் இடமாவது வேண்டும். அந்த இடத்தில் நாய்த் தராசு மட்டும் இருந்தால் போதாது.

கடை விதிகளில் இருக்கும் அந்த ‘மற்ற விலங்குகளும்’ என்ற வாலை வெட்டச் சொல்லி, விதிகள் யார் பொறுப்பில் இருக்கின்றனவோ அந்தத் துறைக்கு நீங்கள் எழுதுங்கள். எதை விற்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் இல்லாதது எதுவும் விற்கக் கூடாது என்று வைத்தால் தீர்ந்தது. பெல்ஜியம் அப்படி வைத்திருக்கிறது. நெதர்லாந்து 2024 ஜூலை முதல் பாலூட்டிகளுக்கு அப்படித்தான். ‘லிஸ்டுல இல்லைங்க’ என்று சொன்னால் ‘அப்படின்னா விக்கக் கூடாது’ என்று அர்த்தமாகட்டும்.

நகல் பெறும் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்திடம் ஒரு வேண்டுகோள். மத்திய அறிவிக்கை வருகிற வரை காத்திருக்க வேண்டாம். கடைகளுக்குப் பதிவு கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் எந்தெந்த இனம், எங்கிருந்து வாங்கியது, யாருக்கு விற்றது என்ற மூன்றையும் கேளுங்கள். எந்த விலங்கையும் பில் இல்லாமல் விற்ற கடைக்குப் பதிவு வேண்டாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு பேசி, இப்போது வீடுகளில் இருக்கும் கிளைடர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு மருத்துவருக்காவது பயிற்சி கொடுங்கள். ஃபோனில் கேட்டால் உணவுப் பட்டியலைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், மின்னிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று 2022 நவம்பரிலேயே எனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

எக்ஸ்ரேயின் நகல், துண்டுச் சீட்டின் நகல், எனக்கு வந்த பதில் கடிதத்தின் நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். அறுபது நாளுக்குள், எந்தப் பிரிவின் கீழ் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். அட்டவணையில் இல்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அதைத் தவிர வேறு பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மின்னியை வாங்கியவள்,
கோயம்புத்தூர்.